ராஜாவின் விரல் காட்டிய பல்

முன்னொரு காலத்தில் செவ்வாற்று நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். அவர் வெட்டிய குளங்களையும் கட்டிய கோபுரங்களையும் அரண்மனைப் புலவர்கள் பாடிவிட்டார்கள். அவர்கள் பாடாமல் விட்டதை நான் வரிசை மாறாமல் சொல்கிறேன்.

முதலாவது, ராஜாவுக்குப் பல்வலி வந்தது. மேல்வாயில் ஒரு பல்லின்மேல் விரலை வைத்து, "இதுதான்" என்றார். காத்தான் மகன் இருளாண்டி அதைப் பிடுங்கினான். வலி நிற்கவில்லை. அவனை நாடு கடத்தினார்கள்.

இரண்டாவது, ராஜா பக்கத்துப் பல்லின்மேல் விரலை வைத்தார். வெள்ளையன் மகன் கருப்பணன் பிடுங்கினான். வலி நிற்கவில்லை. அவன் வீட்டை இடித்தார்கள்.

மூன்றாவது, பெரியான் மகன் ஒச்சன், "மகாராஜா, இது நல்ல பல்" என்றான். சொன்னதற்குச் சவுக்கடி. பிறகு பிடுங்க வைத்தார்கள். வலி நிற்காததற்குச் சிறை.

ஒவ்வொரு முறையும் கட்டியக்காரன் சபையின் நடுவில் நின்று, சாட்சிகள் கேட்க, குற்றவாளியின் தகப்பன் பெயரையும் அவன் பெயரையும் வாசித்தான். அது அந்த நாட்டு வழக்கம். முடிசூடிய ராஜாவின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது, அவர் விரல் காட்டியதை யாரும் மறுக்கக் கூடாது என்பதும் வழக்கம். மூன்று பெயர்களையும் மந்திரி வடமலை கேட்டார். மூன்று முறையும் வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அந்தக் கெட்டிக்காரத்தனம் அதுவரை அவரை மட்டுமே காப்பாற்றியது.

நான்காவதாகப் பேச்சியாயியைப் பிடித்து வந்தார்கள். சந்தையில் பல் பிடுங்கிப் பிழைக்கிறவள். அவள் கையில் குறடு இருந்தது.

"இம்முறையும் வலி நிற்காவிட்டால் இவள் வலக்கையை வெட்டுங்கள்" என்றார் ராஜா. அவர் படுத்துத் தூங்கி நாளாகிவிட்டது. தலையைச் சாய்த்தால் பல் விண்விண் என்று தெறிக்கும். சூடாக ஒரு வாய் பால் பட்டால் அலறுவார். குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நோய் பல்லில் இல்லை, பிடுங்குகிறவர்கள் கையில்தான் இருக்கிறது" என்றார் அரண்மனை வைத்தியர் சேஷகிரி. அவர் ஒரு நாளும் ராஜாவின் வாய்க்குள் கைவிட்டதில்லை. "மந்திரியாருக்கு வேறு யோசனை இருக்கிறதோ? எப்போதும் போல மௌனம்தானோ?"

வடமலை ராஜாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் காட்டுவது மேல்வாயை. ஆனால் குளிர்ந்த நீரை அவர் ஒதுக்குவதோ கீழ்க்கடைவாயில். வலிக்கிற பல் எதுவென்று மந்திரிக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் விரல் தவறு என்று சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கை போகும்.

"மகாராஜா, அரசர் வாயில் நல்ல பல் பறிபோகக் காரணமானவர் பெயரைச் சபையில் வாசிக்க வேண்டும். சரிதானே?" என்று கேட்டார் வடமலை.

"சரி."

"மந்திரியாக இருந்தாலுமா?" என்று முந்திக்கொண்டார் சேஷகிரி.

"யாராக இருந்தாலும். வாளின்மேல் ஆணை."

"அப்படியானால் ஒரு வேண்டுகோள். குடிமக்களை விசாரிக்காமல் தண்டிப்பது நமக்குப் பழக்கம். பல்லோ அரச குடும்பத்தைச் சேர்ந்தது. அதையாவது விசாரித்துவிட்டுத் தண்டிக்கலாமே."

வலியிலும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "விசாரியும்."

"குற்றவாளிப் பல்லின்மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கக் கூடாது. முகம் பார்த்துச் சாட்சி சொல்லக் கூடாது என்பதால் கண்ணைக் கட்டுகிறேன்."

வெந்நீரில் தோய்த்த வெள்ளிக் கரண்டியின் காம்பால் மந்திரி ஒவ்வொரு பல்லாகத் தொட்டார். விரல் வைத்த பல்லில் தொட்டார். ராஜா அசையவில்லை. மேல்வரிசை முழுவதும் அமைதி. பேச்சியாயி தன் வலக்கையை இடக்கையால் பொத்திக்கொண்டாள்.

கீழ்க்கடைவாய்ப் பல்லில் காம்பு பட்டது. ராஜா அலறிக்கொண்டு எழுந்தார். "இதுதான், இதுதான்" என்றார். மந்திரி அதன்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினார். அலறல் அடங்கியது.

கண்கட்டை அவிழ்த்துக் கண்ணாடியை நீட்டினார்கள். விரல் இன்னும் மேல்வாயில் இருந்தது.

ராஜா விரலை வாயிலிருந்து எடுத்தார்.

"பல்லுக்குள் சதை இருக்கிறது, மகாராஜா" என்றார் வடமலை. "அது வீங்கினால் விரிய இடமில்லை. சுற்றிலும் கெட்டியான பல். உள்ளேயே நெரிபட்டுக் கத்துகிறது. கீழ்வீட்டில் அழுதால் மேல்வீட்டில் கேட்கும். நோய் ஏமாற்றியது யாருடைய குற்றமும் இல்லை. ஏமாந்த பிறகு மூன்று பேரைத் தண்டித்தது குற்றம். வாய் மூடி நின்றதில் எனக்கும் பங்கு உண்டு."

"சரி, அதைப் பிடுங்கு" என்றார் ராஜா.

பேச்சியாயி குறடைக் கீழே வைத்தாள். "முதலில் காரணமானவர் பெயரை வாசிக்கட்டும் சாமி. அப்புறம் பிடுங்குகிறேன்."

"கையை வெட்டச் சொல்லவா?"

"வெட்டுங்க. அப்புறம் வைத்தியர் ஐயா பிடுங்கட்டும்."

சேஷகிரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சபையில் யாரோ சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். இதற்குள் குளிர்ந்த நீர் சூடாகி, வலி மறுபடி ஏறிவந்தது. ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தெறிப்பு காதுவரை போனது.

"இருளாண்டியை அழைத்து வாருங்கள். கருப்பணனுக்கு வீடு கட்டிக் கொடுங்கள். ஒச்சனை விடுதலை செய்யுங்கள். இனி இந்த நாட்டில் மந்திரி விசாரிக்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது. இவள் பிடுங்கும்போது சேஷகிரி எச்சில் படிக்கத்தை ஏந்தி நிற்கட்டும்." மூச்சு வாங்கினார். "கட்டியக்காரா, வாசி."

கட்டியக்காரன் கைகூப்பினான். "பெயர் எனக்குத் தெரியாது, மகாராஜா."

ராஜா அவனைப் பக்கத்தில் அழைத்துக் காதில் சொன்னார். அவன் சபையின் நடுவே போய் நின்றான். பேச்சியாயி குறடைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். சாட்சிகள் எழுந்து நின்றார்கள்.

"திருமலையப்பன் மகன் குழந்தைவேலு."