தலைக்கு எவ்வளவு விழும்?

குறைச்சான்பட்டிக்காரர்கள் கடைக்குப் போனால் விலையைக் கேட்பதில்லை. "பாதிக்குக் கொடு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடைக்காரர் "எதை?" என்று கேட்டால், "அதை அப்புறம் பாக்கலாம், முதல்ல பாதிக்குச் சம்மதி" என்பார்கள்.

பேரம் பேசுவது தப்பில்லை. சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் எனக்கே கை துறுதுறுக்கும். ஆனால் பேரம் பேசத் தெரியாமல் பேரம் பேசுகிறவனை என்ன செய்வது? ரெண்டு அறை விட்டால், "ஒண்ணாக் குறைச்சுக்கோங்க அண்ணாச்சி" என்பான்.

இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் மட்டும் எப்படியோ புத்தியோடு பிறந்துவிட்டார்கள். கபடி ஆடினார்கள். ஆடிய ஊரிலெல்லாம் ஜெயித்தார்கள். அதிலும் கொம்பையா மகள் செம்பா பாடிப் போனால் ரெண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். மாவட்ட இறுதி ஆட்டம் டவுனில் என்று முடிவானதும், பயிற்சி கொடுக்கும் எஸ்தர் டீச்சர் பெற்றவர்களைக் கூட்டிப் பேசினார்.

"ஃபைனலைப் பார்க்க விளையாட்டு விடுதி அதிகாரி வர்றார். நல்லா ஆடுற ஒரு பிள்ளையை விடுதிக்கு எடுத்துக்குவார். சாப்பாடு, படிப்பு, துணிமணி, வெளியூர் போய் ஆடுற செலவு, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

கொம்பையா எழுந்து நின்றார். மகளின் முழங்கால் உறைக்கும் பஸ் செலவுக்கும் ஏற்கெனவே ரெண்டு ஆட்டை விற்றவர். விற்க இனி ஆடு இல்லை. விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் செம்பாவுக்கு அடுத்த மாதம் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான். அது செம்பாவுக்கும் தெரியும்.

"நாங்க என்ன செய்யணும் டீச்சர்?"

"மூணே விஷயம். பிள்ளைக்குத் தினமும் ஒரு முட்டை கொடுங்க. விரிப்பு மேல ஆட ஷூ வாங்குங்க. அன்னைக்கு எல்லாரும் பார்க்க வாங்க. சொந்த முகத்தைப் பார்த்தா பிள்ளைகளுக்குத் தெம்பு வரும்."

மூன்றையும் ஒரு சொல் பிசகாமல் செய்தார்கள்.

காலையில் கொம்பையா ஒரு முட்டையை எடுத்து மகள் கையில் கொடுப்பார். சாயங்காலம் திரும்ப வாங்கி உறியில் வைப்பார். மறுநாள் காலையில் அதே முட்டையை மறுபடியும் கொடுப்பார்.

"அப்பா, இதைத் திங்கட்டுமா?"

"ஏட்டி, இன்னைக்குத் தின்னுட்டா நாளைக்கு எதைக் கொடுக்க?"

ஊரே அப்படித்தான் கொடுத்தது. ஒரு மாதம் கழித்து டீச்சர், "தினமும் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டபோது ஒரு வீட்டிலும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷூ வாங்க மாசானம் போனான். ஊரில் கணக்குப் போடத் தெரிந்தவன் அவன் என்று பேர். அந்தப் பேரை அவனுக்கு வைத்தவனை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் ஜோடிக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மாசானம் யோசித்தான். ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி என்று வாங்கி, வலதை ஒருத்திக்கும் இடதை இன்னொருத்திக்கும் கொடுத்தான். செலவு பாதியானது. ஊர் அவனைத் தோளில் தூக்கியது. எஸ்தர் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, அரையிறுதியில் தோற்ற பிள்ளைகளிடம் போய் ஷூவை இரவல் கேட்டார்.

மூன்றாவது விஷயம், பார்க்கப் போவது. அதற்குப் பஸ் பேச வேண்டும்.

பஸ் டிரைவர் அந்தோணியிடம் பேசப் போனது தங்கபுஷ்பம் மதினி. அவர் மகளும் அணியில் இருந்தாள். மதினி வாயைத் திறந்தால் காய்கறிக்காரன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

"போக வர ஆறாயிரம். ஊர் திரும்புனதும் கொடுத்தாப் போதும்," என்றார் அந்தோணி.

"மூவாயிரம்."

"டீசலே மூவாயிரத்துக்குக் குடிக்கும் மதினி."

"கொஞ்சமாக் குடிக்கச் சொல்லும்."

அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டார். "வாடகையைக் குறைக்க முடியாது. வேணும்னா ஆளைக் கூட்டுங்க. ஆள் கூடுனா தலைக்குக் குறைச்சலா விழும்."

 ஏற ஏற இறங்குகிற விலையைக் குறைச்சான்பட்டி இதுவரை கண்டதில்லை.

ஆட்டத்தன்று காலையில் தலை பிடிக்கும் வேட்டை நடந்தது. பார்பரைப் பாதிச் சவரத்தில் இழுத்து வந்தார்கள், சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவரையும் சேர்த்து. வேறு ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தையும் ஏற்றினார்கள். மாசானம் தன் ஆடுகளை ஓட்டி வந்தான்.

"ஆடு எதுக்குலே?"

"அதுக்கும் தலை இருக்குல்லா?"

இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஆடுகள் ஏறின. கடைசியில் மூச்சு விடக்கூட இடமில்லை. அப்போதுதான் தங்கபுஷ்பம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைகளையும் பார்த்தார்.

"ஏலே மாசானம், இதுக காசு கொடுக்குதா?"

"பிள்ளைகள்ட்ட ஏது மதினி காசு?"

"அப்போ ஏழும் தண்டத் தலை. இறக்கு. அந்த இடத்துல காசு குடுக்குத ஏழு பேர் ஏறட்டும்."

கொம்பையாவுக்கு மட்டும் லேசாக உறுத்தியது. "மதினி, இவங்களுக்காகத்தான நாம போறோம்?"

"அதனாலதான் கொழுந்தனாரே சொல்லுதேன். இந்தப் பிள்ளைகளுக்கு ஆகுத செலவைக் குறைக்கத்தான இம்புட்டுப் பாடும்?"

நியாயமாகத்தான் பட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். பஸ் கிளம்பியது. செம்பா பின்னாலேயே ஓடினாள்.

"அப்பா! ஆடப்போறது நாங்கப்பா!"

"தெரியும் தாயி! நல்லா ஆடு! நாங்க முன்னாடி போயி இடம் பிடிக்கோம்!"

கையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

செம்பா தெருப்புழுதியில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு தோழிகளைக் கூட்டிக்கொண்டு அரசு டவுன் பஸ்ஸில் ஏறினாள். அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனால் பேரம் பேச வழியில்லாத விலையைக் குறைச்சான்பட்டி ஒரு விலையாகவே மதிப்பதில்லை. பாரம் தாங்காமல் ஒவ்வொரு முக்கிலும் நின்று நின்று போன பஸ்ஸை, டவுன் பஸ் பாதி வழியிலேயே முந்திவிட்டது.

அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆடுகளைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுக் கூட்டம் இறங்கியது.

"பார்க்கிறவங்களுக்கு ஐம்பது ரூபாய். ஆடுறவங்களுக்கு இலவசம். உங்க பிள்ளைங்க எங்கே?"

கூட்டம் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தது.

"எங்கலே பிள்ளைக?"

"நாமதான இறக்கிவிட்டோம்."

"அவங்க இல்லாம எப்படிலே மேட்ச்?"

மாசானம் கண்ணை மூடி யோசித்தான். "நாம ஆடவா வந்தோம், பாக்கத்தான வந்தோம்? எதிரணி ஆடும். அதைப் பாப்போம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். உடனே தங்கபுஷ்பம் டிக்கெட்காரரிடம் திரும்பினார். "ஏன்யா, ஒரு அணிதான ஆடப்போகுது? பாதி டிக்கெட்டுப் போடும்."

"ஏழு பிள்ளைங்க அப்பவே வந்து உள்ளே குதிச்சுக்கிட்டிருக்காங்க," என்றார் டிக்கெட்காரர். "அது உங்க பிள்ளைங்கதானே?"

மற்ற ஊராராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர்கள் முகம் தொங்கிப்போனது. கையில் வந்த பாதி டிக்கெட் போய்விட்டதே! கொம்பையாதான் நிலைமையைச் சமாளித்தார்.

"நாங்க ஒத்தைக் கண்ணால பாத்தா?"

டிக்கெட்காரர் காலையிலிருந்து சிரிக்காத மனுஷர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பார்ப்பீங்களா? பாருங்க! ஆளுக்கு இருபத்தஞ்சு. மறுகண்ணைத் திறந்தா மீதியை வசூல் பண்ணிடுவேன்."

கூட்டம் முழுக்க ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தது. எதிரணிப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதற்காக இத்தனை பேர் ஒற்றைக் கண்ணால் தங்களையே முறைக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு பிள்ளை பயத்தில் கோட்டுக்கு வெளியே காலை வைத்து அவுட்டானாள்.

கடைசி நிமிடம். ரெண்டு பக்கமும் சமம். செம்பா பாடிப் போனாள். எதிரணி சுவர் மாதிரி நெருங்கி வந்தது. அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கொம்பையாவின் திறந்த கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மாசானம், கண்ணு வலிக்குதுலே. மறுகண்ணுக்கு மாத்திக்கிடுதேன்."

"மாத்துங்க. ஆனா ரெண்டும் சேந்து திறந்துறக் கூடாது. முதல்ல இதை மூடுங்க, அப்புறம் அதைத் திறங்க."

கொம்பையா இதை மூடினார். அரங்கமே எழுந்து கத்தியது. அதைத் திறந்தார். செம்பா நடுக்கோட்டைத் தாண்டி வந்து கிடந்தாள். தோழிகள் அவள்மேல் விழுந்து கிடந்தார்கள்.

"என்னலே ஆச்சு?"

"தெரியலையே. நானும் அப்பத்தான் மாத்துனேன்."

ஜெயித்தாயிற்று என்பதை டிக்கெட்காரர்தான் வந்து சொன்னார்.

அதிகாரி நேராகக் கொம்பையாவிடம் வந்தார். பக்கத்தில் செம்பா, இரைக்க இரைக்க. "உங்க பொண்ணை எடுத்துக்கிறோம் ஐயா. திங்கட்கிழமை விடுதிக்கு அனுப்பிடுங்க. எல்லாம் இலவசம்."

செம்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கடைத்தெருக் களை வந்துவிட்டது. 

"இலவசம்னா எவ்வளவு?" என்றார் கொம்பையா.

"ஒண்ணுமே கொடுக்க வேண்டாம்."

"அதுல பாதி போடுங்க."

"எதுல பாதி?"

"சொன்ன விலைக்கு வாங்குனா ஊர்ல எங்களைச் சிரிப்பாக சார். பாதி போட்டா எடுத்துக்கிடுதேன். இல்லேன்னா வேணாம்."

"ஐயா, வேண்டாம்னா அடுத்த அணியில ஒரு பொண்ணு இருக்கு. நான் அங்கே..."

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். பேரம் படியாவிட்டால் விட்டு நடக்க வேண்டும், கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் சரி, நானும் நடந்திருக்கிறேன். ஆனால் சும்மா கொடுக்கிறவனை விட்டு நடக்கிறவனை, ஐயோ, என் கையில் கொடுங்கள்!

செம்பா அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், சார், 'சரி, பாதிக்கே வாங்க'ன்னு கூப்பிடுங்க சார். இல்லேன்னா எங்கப்பா அப்படியே போயிருவாரு. என்னைத் தீப்பெட்டி ஒட்ட அனுப்பிருவாக."

அதிகாரி தயங்கித் தயங்கி, "சரி, பாதிக்கே வாங்க!" என்றார்.

கொம்பையா இன்னும் வேகமாக நடந்தார்.

"சார், மூணு தடவை கூப்பிடணும். அதுக்கு முன்னாடி திரும்புனா கௌரவக் குறைச்சல்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு அதிகாரி ஒன்றுமில்லாததில் பாதிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாவது சத்தத்துக்குக் கொம்பையா திரும்பினார். வெற்றிச் சிரிப்போடு வந்து, மடியிலிருந்து அந்த ஒரு மாதத்து முட்டையை எடுத்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"அட்வான்ஸ். பத்திரமா வச்சுக்கோங்க. தினமும் காலையில பிள்ளைக்குக் கொடுக்கணும், சாயங்காலம் வாங்கிறணும். சரி, கொசுறு என்ன?"

அதிகாரி கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முட்டையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார். செம்பா தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். எது எப்போது என்று சொல்ல முடியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பஸ் நின்றது. அந்தோணி ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கொம்பையாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒண்ணு எனக்கு, ஒண்ணு எம் பொண்ணுக்கு" என்று விசிலை ரெண்டு தடவை ஊதினார்.

ரெண்டு விசில் கேட்டால் வண்டியை எடுக்க வேண்டும். ஆயுசு முழுக்க அப்படிப் பழகிய கால், அந்தோணி கண் விழிப்பதற்கு முன்பே அழுத்திவிட்டது. பஸ் போனது. ஜன்னல் வழியாக ஆடுகள் எட்டிப் பார்த்தன.



"ஏலே மாசானம்," என்றார் தங்கபுஷ்பம் மெதுவாக, "இப்போ தலைக்கு எவ்வளவு விழும்?"

மாசானம் விரலை மடக்கினான். பிறகு எல்லா விரலையும் விரித்துவிட்டான். "பஸ்ஸுல நம்ம தலையே இல்லையே மதினி. ஒண்ணுமே விழாது!"

கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இவ்வளவு அடிமாட்டு விலைக்கு ஊரில் யாரும் எதையும் முடித்ததில்லை. விசில் ஊதிக்கொண்டே ஊரைப் பார்த்து நடந்தார்கள். டவுனைத் தாண்டியதும் பின்னால் அரசு பஸ் வந்து நின்றது. உள்ளே பிள்ளைகள், கோப்பையோடு.

"அப்பா! ஏறுங்க! இடம் கிடக்கு!"

"எவ்வளவுய்யா?" என்று கண்டக்டரைக் கேட்டார் கொம்பையா.

"ஆம்பளைக்குப் பதினஞ்சு. பொம்பளைக்கு இலவசம்."

"எல்லாத்துலயும் பாதி போடும்!" என்றார் தங்கபுஷ்பம்.

"முடியாதும்மா."

கொம்பையா துண்டை உதறினார். "வாங்க போவோம். யாரும் திரும்பிப் பாக்காதீக. கூப்பிடுவான்."

பஸ்ஸை விட்டு நடக்க வேண்டுமென்றால் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டித்தானே நடக்க வேண்டும்? ஊர் கிழக்கே இருந்தது. பஸ் கிழக்கே பார்த்து நின்றது. குறைச்சான்பட்டி மொத்தமும் மேற்கே நடந்தது.

திங்கட்கிழமை காலை செம்பா டிரங்குப் பெட்டியோடு விடுதி வாசலில் வந்து இறங்கினாள். அவள் எதிரே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்தபடி ஒரு கூட்டம் வாசலைத் தாண்டி இன்னும் மேற்கே போனது.

"அப்பா!" என்று கூப்பிட்டாள்.

"கூப்பிட்டாச்சு! கூப்பிட்டாச்சு!" என்று துள்ளினார் தங்கபுஷ்பம்.

"பேசாம நடங்க மதினி," என்றார் கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு. "இது முதல் தடவைதான!"