மிச்சமிருந்த கிரேக்கம்

ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரம். கிரேக்கன் எழுதி, அரபிக்குப் போயிருந்த வைத்திய நூல் ஒன்று அங்கே லத்தீனுக்கு மாறிக்கொண்டிருந்தது. பாரூக் அரபியைப் பார்த்து, ஊர்ச் சந்தையில் பேசும் ஸ்பானியப் பேச்சில் சொல்லுவான். கோன்சாலோ பாதிரியார் அதை லத்தீனில் எழுதுவார்.

"காய்ச்சல் கஷாயம் பற்றிய வரிக்குப் பக்கத்தில், இதை அரபியில் பெயர்த்த வைத்தியர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார் சாமி. 'என் மகளுக்குக் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.'"

பாதிரியாருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அவன் மகள் கஞ்சி கேட்டால் எனக்கென்ன? ஞானமெல்லாம் கிரேக்கனுடையது. அடுத்தவன் கை பட்டதையெல்லாம் தள்ளிவிட்டு, சுத்தமான கிரேக்கத்தை மட்டும் சொல். முடியாதென்றால் நாளையிலிருந்து வராதே!"

"ஆகட்டும் சாமி" என்ற பாரூக், வாயை இறுக மூடிக்கொண்டான். பாதிரியாரின் இறகுப் பேனாவில் மை காய்ந்தது.

"என்னடா, ஊமையாகிவிட்டாயா?"

"நீங்கள் சொன்னபடிதான் சாமி. புத்தகம் முழுக்க அரபி, தள்ளிவிட்டேன். என் வாயில் வருவது சந்தைப் பேச்சு, அதையும் தள்ளிவிட்டேன். மிச்சமிருக்கிற சுத்தமான கிரேக்கம் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள்."

பாதிரியார் வெறும் தாளைப் பார்த்தார். பிறகு இறகை மையில் தோய்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"அந்தக் குழந்தை கஞ்சி குடித்ததா, பாரூக்?"