அவரைப் பந்தலும் ஓணான் வழக்கும்

முன்னொரு காலத்தில், குன்றும் குளமுமாக இருந்த ஒரு நாட்டைச் சேந்தமாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். என்ன, மூக்கு நுனியில் கோபம். யானை, குதிரையைவிட, அரண்மனைக்குப் பின்னால் தன் கையாலேயே விதை ஊன்றிய அவரைப் பந்தல் மேல்தான் அவனுக்குப் பெருமை.

ஒரு நாள் காலை பரிவாரத்தோடு பந்தலடியில் நின்று, “எப்படி என் அவரை?” என்று மீசையை முறுக்கினான். பந்தக்கால் மேலிருந்த ஓணான் ஒன்று வெடுக் வெடுக்கென்று தலையாட்டியது. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“மன்னா, பந்தலுக்குக் காவலே அதுதான். புழு பூச்சியெல்லாம் அதற்குத் தீனி” என்றார் அமைச்சர் பொறையனார்.

அமைச்சர் பேச்சை ராஜா ரசித்தாலே அவைப்புலவர் காளிங்கருக்கு வயிறு எரியும். “ஐயோ மகாராஜா, அது கிண்டல்! நேற்று ஒரு கழுதையைப் பார்த்தும் இதே மாதிரிதான் ஆட்டியது!”

“அப்படியா சங்கதி!” என்று ராஜா தலையாட்டினான். “ஒரு ஓணான்கூட இங்கே இருக்கக் கூடாது. விரட்டுங்கள்!”

அமைச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எங்கே கேட்டான்?

காய்க்கிற பருவம் வந்தது. இலையெல்லாம் சல்லடை, காயெல்லாம் புழு. ராஜா அழாத குறை. “தோட்டக்காரி வெள்ளையம்மாளின் சோம்பேறித்தனம்” என்று காளிங்கர் காதைக் கடித்தார். அவ்வளவுதான், “நாளைக்கே குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போ!” என்று உத்தரவாகிவிட்டது.

மறுநாள் இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டையோடு சபைக்கு விடைபெற வந்து நின்றாள் வெள்ளையம்மாள். அமைச்சர் ராஜாவிடம் குனிந்து ஏதோ கிசுகிசுத்தார். வேடிக்கையாக இருக்கவே ராஜாவும் சம்மதித்தான்.

“காளிங்கரே, இவள் மேல் தப்பே இல்லையென்று தோன்றுகிறது” என்றான் ராஜா.

“சத்தியமான வார்த்தை!” காளிங்கர் தலையாட்டினார்.

“இல்லையில்லை, தப்பு முழுக்க இவளுடையதுதான்.”

“அதைத்தானே நானும் சொல்கிறேன்!”

“ஒருவேளை ஓணானை விரட்டியதுதான் வினையோ?”

காளிங்கர் ஆட்டிய ஆட்டில் தலைப்பாகையே கழன்று விழுந்தது. சபை கொல்லென்று சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அமைச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

“மன்னா, தலையாட்டிய குற்றத்துக்கு ஓணானை விரட்டினீர்கள். காளிங்கருக்கு என்ன தண்டனை?”

“அவரையும் விரட்ட வேண்டியதுதான்!”

“கழுதைக் கதையைக் கேட்டு, யோசிக்காமல் தலையாட்டினாரே இன்னொருவர். அவருக்கு?”

ராஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. இத்தனை பேர் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கூனிக் குறுகிப்போனான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. காளிங்கரைப் புழு பொறுக்க அனுப்பினான்.

பிறகு சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வெள்ளையம்மாளிடம் வந்தான். “தப்பு என்னுடையது, தாயி. நீ எங்கேயும் போக வேண்டாம்.”

“சரிங்க ராசா” என்றாள் வெள்ளையம்மாள். “பந்தலைச் சுத்தி முள்ளு அடைச்சா ஓணான் தானா வந்து சேரும். அதுவரைக்கும் சாம்பல் தூவிச் சமாளிச்சுக்கலாம்.” கொஞ்சம் தயங்கினாள். “ஆனா, ஊரைவிட்டுப் போறோமேன்னு ஆட்டுக்குட்டிய நேத்துச் சந்தையில வித்துட்டேன். இந்தப் புள்ள ராவெல்லாம் அழுதுக்கிட்டே கிடந்தா.”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. குடை வேண்டாம், பல்லக்கு வேண்டாம் என்று தனியாகச் சந்தைக்கு நடந்தான். தேடிப் பிடித்து, கேட்ட விலை கொடுத்து, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாகவே திரும்பினான். “என்ன மகாராஜா இது?” என்று கேட்டவர்களிடமெல்லாம், “நான் பண்ணின அநியாயம்” என்றான். சொல்லச் சொல்ல நாக்குக் கூசியது.

வெள்ளையம்மாள் வீட்டு வாசலில் குட்டியை நீட்டினான். குழந்தை அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. ராஜா எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை. பயம்!

இதற்கு என்ன விலை கொடுப்பதென்று ராஜாவுக்குத் தெரியவில்லை. பேசாமல் தோட்டத்துக்குப் போய், காளிங்கர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புழு பொறுக்க ஆரம்பித்தான்.