மரகதவல்லியின் பிள்ளை

ஆற்றங்கரைப் புதூரில் மரகதவல்லி அம்மனின் புடவைகளை வெளுத்துத் தருபவர் வேலாண்டியார். ஊர்த்துணியைக் கல்லில் அடிப்பார். அம்மன் புடவையை அடிக்க மாட்டார். தாய்க்கு வலிக்குமாம். கையாலேயே கசக்கி உலர்த்தி, கோயில் வாசலில் வைத்துக் கும்பிட்டுத் திரும்புவார். அதற்கு மேல் அவருக்கு மந்திரம் தெரியாது, தேவையும் இல்லை.

நெடுங்காலம் கழித்து அவர் மனைவி பேச்சியம்மை கருவுற்றார். ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. டவுன் சிண்ட்ரோம் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா. இதயத்தில் ஓட்டை, குடலில் அடைப்பு, பால் இறங்காது. அறுவை செய்யாவிட்டால் பிழைக்காது, செய்தால் அந்த இதயம் தாங்குமா என்பதும் சந்தேகம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகனைத் தூக்க வழியில்லாமல் பேச்சியம்மை கதறினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்காது என்று பயந்த பிள்ளையை அம்மனுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அர்ச்சகர் அம்மன் சார்பில் ஒரு பிடி தவிடு கொடுப்பார். உடனே அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். எமன் ஏமாறுவான் என்று நம்பிக்கை. வேலாண்டியார் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியோடு கோயிலுக்கு ஓடினார். பிறப்புத் தீட்டு என்பதால் தெருவில் நின்றே, பிள்ளைக்குப் பதிலாக அந்தத் துணியைக் கொடுத்து, தவிட்டைத் துண்டில் வாங்கினார். திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அர்ச்சகர். வேலாண்டியார் துண்டை இறுக முடிந்துகொண்டார்.

"மாட்டேன் சாமி. திருப்பி வாங்கினா என் பிள்ளை ஆயிரும். அதைக் காப்பாத்த என்கிட்ட என்ன இருக்கு? அவ பிள்ளையாவே இருக்கட்டும்."

முறை தெரியாத மடையன் என்று ஊர் சிரித்தது. குறைப்பிள்ளையைச் சாமர்த்தியமாகக் கழற்றிவிட்டான் என்றும் சொன்னது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பேச்சியம்மைக்குத்தான் தாங்கவில்லை. பத்து மாதம் சுமக்கவும் கொடுத்துவைக்கவில்லை, இப்போது பிள்ளையே எனக்கு இல்லை என்றாக்கிவிட்டீர்களே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலாண்டியார் கண்ணாடிக்கு வெளியே நின்று, "உன் பிள்ளை தாயே, உன் பிள்ளை" என்று முணுமுணுத்தபடியே இருந்தார்.

அறுவை நடந்தது. குடல் சரியாயிற்று. மறுநாள் விடியும்போது இதயம் நின்றுவிட்டது.

ஐயோ, அப்போதும் அந்த மனிதர் அம்மனை ஒரு வார்த்தை ஏசவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்து ஊருக்குக் கொண்டுவந்து, ஆற்றங்கரையில் பால் ஊற்றி அடக்கம் செய்தார். பேச்சியம்மை கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

முழுகிவிட்டு வேலாண்டியார் வீடு திரும்பினால், அந்தத் தெருவுக்கே வராத அர்ச்சகர் வாசலில் நிற்கிறார். விடிந்ததிலிருந்து அம்மன் சன்னிதிக் கதவு திறக்கவில்லையாம். பூட்டு திறக்கிறது, தாழ்ப்பாள் நகர்கிறது, கதவு மட்டும் அசையவில்லை. ஆசாரி முட்டிப் பார்த்தும் பலனில்லை. எதிரே சுவாமி சன்னிதி எப்போதும்போலத் திறந்தது. கடைசியில் ஆற்றங்கரையில் மண் தள்ளி முடித்த வேளையில், யாரும் தொடாமலே அம்மன் கதவு திறந்துகொண்டது.

அர்ச்சகர் சொன்னார்: "பிள்ளை செத்த வீட்டுல பூசை ஏது ஆண்டியப்பா? அவ தீட்டுக் காத்திருக்கா."

பேச்சியம்மை எழுந்து உட்கார்ந்தார். "அப்ப, அவளும் அழுதாளா சாமி?" என்று கேட்டார். பிறகுதான் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற வயிற்றின் துக்கமெல்லாம் தீர அழுதார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்காத வேலாண்டியாரின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.