களிமண்ணுக்கு அடியில்

செம்பி என்ற அழுங்குக்கு அன்று காலை பால் சுரக்கவில்லை. உடம்பெல்லாம் செதில் மூடி, எறும்பு தின்று பிழைக்கும் பிராணி அது. அதன் வாலைப் பற்றித் தொங்கிய குட்டி முட்டி முட்டிப் பார்த்தது. பிறகு முட்டுவதையும் நிறுத்திவிட்டது.

காட்டாறு வறண்டு இரண்டு வருஷம் ஆகிறது. மலையுச்சியில் மனிதர்கள் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அதற்கப்புறம் மேகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். யானைகள் போகிற போக்கில் மணலைத் தோண்டிவிட்டுப் போன ஒரே ஒரு பள்ளத்தில்தான் தண்ணீர் இருந்தது.

வேறு காட்டுக்குப் போகலாம் என்றால், வலசை வந்த வாத்து தலையை ஆட்டியது. திரும்பிப் பறக்கத் தெம்பில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட வாத்து அது.

"எங்கே போவீர்கள்? எங்கள் ஊர் மலையில் பனியே காணோம்! வழியில் பார்த்த ஏரியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. போகிற இடமெல்லாம் இதே பாடுதான்!"

அதனால் காட்டு உயிர்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் பள்ளத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தன. சின்ன உயிர்கள் முதலில் குடிக்கும், பெரியவை கடைசியில். ஆளுக்கு மூன்றே வாய். பள்ளத்தின் அடியில் இருக்கும் நீலக் களிமண்ணில் யாரும் நகம் வைக்கக் கூடாது.

கடைசி ஆள் காட்டுப்பன்றி. அதன் முறை வரும்போது தண்ணீர் கலங்கிச் சேறாகியிருக்கும். தினம் தினம் சேறு குடித்தால் யாருக்குத்தான் மூளை நேராக ஓடும்?

அன்று உச்சி வெயிலில் பன்றி செம்பியிடம் வந்தது.

"தங்கச்சி, குட்டி துவண்டு கிடக்கே!"

"பால் இல்லைண்ணே. மூணு வாய்த் தண்ணி எனக்கே பத்தலை."

"தண்ணி இல்லாமலா? களிமண்ணுக்குக் கீழே கடல் மாதிரி கிடக்கு! மேலேயே இவ்வளவு இருந்தா, அடியில எவ்வளவு இருக்கும்? என் மூக்கால அந்தக் களியைக் கிழிக்க முடியலை. உன் நகத்துக்கு அது வெண்ணெய்!"

பள்ளத்து ஓரத்து வளையிலிருந்து நண்டு தலையை நீட்டியது.

"செம்பி, கேட்காதே! அந்தக் களிமண்தான் பானையின் அடி. அதுக்குக் கீழே வெறும் காய்ந்த மணல். ஒரு தடவை வளை தோண்டும்போது காலைவிட்டுப் பார்த்துட்டு, உடனே அடைச்சுட்டேன். அளவாக் குடிச்சா ஆனி மழை வரைக்கும் தாங்கும்!"

"பார்த்தியா!" என்று பன்றி உறுமியது. "கீழே இருக்கிறதைத் தனக்கே வச்சுக்கப் பார்க்குது. ஈரத்திலேயே குடியிருக்கிறவளுக்கு உன் குட்டியோட தாகம் தெரியுமா?"

செம்பி குட்டியைப் பார்த்தது. அதன் நாக்கு வெளியே ஒட்டிக் கிடந்தது. நண்டு சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஆனி மாதம் வெகு தூரத்தில் இருந்தது, குட்டி பக்கத்தில் இருந்தது. செம்பி குட்டியைக் கரையில் இறக்கிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கியது.

ஒரு கீறல். இரண்டு கீறல். களிமண் ஏடு ஏடாகப் பெயர்ந்தது. அழுங்கின் நகத்துக்குச் சொல்லவா வேண்டும்! உடம்பு நுழையும் அளவுக்குக் குழி ஆனது.

"இன்னும்! இன்னும்!" என்று பன்றி கத்தியது.

'பொளக்' என்று ஒரு சத்தம்.

"வந்துடுச்சு! ஊற்று வந்துடுச்சு!" என்று பன்றி குதித்தது.

செம்பி குதிக்கவில்லை. அதன் காலுக்கடியில் தண்ணீர் சுழன்றது. மேலே வரவில்லை, கீழே போனது. வயிறு வரை இருந்த தண்ணீர் கண் முன்னாலேயே தொடைக்கு இறங்கியது.

"ஐயோ, போகுது! எல்லாம் போகுது!" என்று வாத்து அலறியது. மான்கள் ஓடி வந்தன. ஒரு கல்லைத் தள்ளிப் பார்த்தன. கல் குழிக்குள் விழுந்து மணலில் மறைந்ததுதான் மிச்சம்.

செம்பி யோசிக்கவில்லை. யோசித்துச் செய்ய வேண்டிய வேலையை முன்னமே யோசிக்காமல் செய்தாயிற்றே! ஆபத்து வந்தால் அழுங்குகள் செய்வதைச் செய்தது. மூக்கை வயிற்றுக்குள் செருகி, உடம்பைப் பந்தாகச் சுருட்டி, அந்தக் குழியிலேயே போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் அதன் தலைக்கு மேல் மூடியது. சுழல் நின்றது. ஆனாலும் செதில் இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டேயிருந்தது.

"நீருக்குள்ளே எவ்வளவு நேரம் மூச்சடக்குவா?" என்று நண்டு கத்தியது. "பன்றி! நின்னு வேடிக்கையா பார்க்கிறே? அவளைச் சுத்தி வரப்புக் கட்டு! சேற்றில புரண்டே வளர்ந்தவன்தானே நீ!"

பன்றிக்கு அப்போதுதான் தன் தப்பு உறைத்தது. பாய்ந்து இறங்கியது. கரைக் களியை மூக்கால் உருட்டி உருட்டித் தள்ளியது. மான்கள் மிதித்து இறுக்கின. கசிந்த இடத்திலெல்லாம் நண்டு களி உருண்டையை அப்பியது. செம்பியின் தலைக்கு மேல் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு குமிழியே வரவில்லை.

"சீக்கிரம்! சீக்கிரம்!"

வட்டமாக வரப்பு எழும்பி நின்றதும் பன்றி மூக்கை உள்ளே விட்டு அந்தப் பந்தைப் புரட்டி வெளியே எறிந்தது. வரப்புக்குள் இருந்த கொஞ்சத் தண்ணீர் குழிக்குள் இறங்கி ஓய்ந்தது. வரப்புக்கு வெளியே இருந்தது தப்பியது. எல்லோரும் சேர்ந்து குழியைக் களியால் அடைத்து மிதித்தார்கள்.

கரையில் பந்து அசையவில்லை. குட்டி ஊர்ந்து போய் அதை மூக்கால் முட்டியது. ஒரு முறை, இரு முறை. மூன்றாம் முறை பந்து பிரிந்தது. செம்பி இருமி இருமித் தண்ணீரைக் கக்கியது.

பள்ளத்தில் இப்போது நான்கு விரல் தண்ணீர் இருந்தது.

"எத்தனை நாளுக்கு வரும்?" என்று செம்பி கேட்டது.

"பத்து நாள்," என்றது நண்டு. "ஆனி மழைக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கு."

பன்றி தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "இனி சின்னதுங்க மட்டும் குடிக்கட்டும். நான் காட்டுக் கிழங்கைத் தோண்டி மென்னு சமாளிச்சுக்கிறேன்."

"எனக்கும் அதிலே ஒண்ணு நசுக்கிக் கொடுண்ணே, சாறை நக்கிக்கிறேன்," என்றது செம்பி. தன் மூன்று வாயையும் அது குட்டிக்கு விட்டுக்கொடுத்தது. குட்டி குடித்துவிட்டு, நான்காவது வாய்க்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. செம்பி அதன் தலையைத் தன் வாலால் மெல்லத் திருப்பி, மழையில்லாத வானத்துக்குக் கீழே நடந்தது.

இருப்பதைத் தாங்கி நிற்கும் மண்ணையே இன்னும் வேண்டும் என்று கிழித்தால், தாகத்தைத் தீர்க்க நாம் தோண்டிய குழியே நம் பிள்ளைகளின் தண்ணீரைக் குடித்துவிடும்.