முதலை நியூட் இலைக்கடியில் ஒளிந்த கதை

அந்தக் காலத்தில், மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தபோது, இமயத்தின் கிழக்குச் சரிவில் ஒரு நியூட் வாழ்ந்தது. பார்க்கப் பல்லி போல இருக்கும். தோல் மட்டும் தவளையினுடையதைப் போல ஈரமானது. உடம்பு முழுக்க ஒரே கருமை. அப்போது அதற்குக் கூச்சமே கிடையாது. ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்துகொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசும்.

மழை வரப்போவது அதன் தோலுக்கு முதல்நாளே தெரிந்துவிடும். அதனிடம் கேட்டுவிட்டுத்தான் ஊரார் ஏலக்காய் உலர்த்துவார்கள்.

அந்த ஓடைக்கரையில் நிம்கித் என்ற பெண் சாயம் போட்டுப் பிழைத்தாள். மஞ்சிட்டி வேரை இடித்துக் காய்ச்சிக் கம்பளிச் சால்வைகளைச் செம்மஞ்சளாக்குவாள். சாயம் பிடிப்பதற்குள் மழை வந்தால் அத்தனையும் வீண். ஒரு வருடம் மழை கண்டபடி பெய்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது சால்வை சொல்லியிருந்தார்கள். நியூட் ஊர்சுற்றப் போயிருந்த ஒருநாள் ஆறு சால்வைகள் நனைந்து பாழாயின.

மறுநாள் காலை அது பாறைக்குத் திரும்பியிருந்தது.

“அக்கா, இன்னிக்கு வெயில்தான். தைரியமா காயப்போடுங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்கு மேலத் தோட்டத்துல இருப்பேன். அவங்களும் கூப்பிட்டிருக்காங்க.”

நிம்கித் யோசிக்கவில்லை. சாயத் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கைகளால் அதை எட்டிப் பிடித்தாள். நியூட் துள்ளியது. அவள் இன்னும் இறுக்கினாள். அதன் விலா எலும்புகளின் நுனிகள் இரண்டு பக்கமும் தோலைத் தள்ளிக்கொண்டு மேடுமேடாக எழும்பின. எழும்பிய இடங்களில் சாயம் ஏறிக்கொண்டது.

வீட்டில் ஒரு பித்தளைக் குண்டானில் அதைப் போட்டு, குளிருமே என்று அடுப்பருகில் வைத்தாள். சோறு போட்டாள். தினமும் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்து, மழை வருமா என்று கேட்டாள். இரண்டு நாள் பதில் சொன்னது. மூன்றாம் நாளிலிருந்து வாயே திறக்கவில்லை.

அவள் கணவன் தாவா குண்டானுக்குள் எட்டிப் பார்த்தான். “அதோட தோலைப் பார்த்தியா? சருகு மாதிரி ஆயிடுச்சு.”

“கதகதப்பா வெச்சிருக்கேன், வேளாவேளைக்குச் சோறு போடறேன். இதுக்கு மேல என்ன வேணும் அதுக்கு?”

“அதை அதுகிட்டல்ல கேக்கணும்?”

நிம்கித் காதில் போட்டுக்கொள்ளாமல் பதினான்கு சால்வைகளைக் காயப்போடப் போனாள். உச்சிவேளையில் மழை கொட்டியது. எல்லாவற்றிலும் சாயம் கரைந்து ஓடியது. ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?’ என்று ஆத்திரத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தாள். குண்டானுக்குள் அது கண்ணை மூடிக் கிடந்தது. தொண்டை மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. திட்ட வந்தவள் குண்டானருகே குனிந்து உட்கார்ந்தாள்.

“உனக்கு என்ன வேணும்? சொல்லு.”

“சூடு வேண்டாம், அக்கா. உங்க கையும் வேண்டாம். மட்கின இலை, மேலே ஒரு மரப்பட்டை போதும். ஈரம் இருக்கணும், தண்ணி தேங்கக் கூடாது. அப்புறம்... என்னைப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க.”

மனிதரிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

காட்டில் விட்டால் எறும்பு மொய்த்துவிடும், அவ்வளவு தளர்ந்திருந்தது. ஒரு பழைய மரத்தொட்டியில் தாவா காட்டு மண்ணை நிரப்பினான். நிம்கித் பாசியும் மட்கிய இலையும் பரப்பி, பட்டையைக் கவிழ்த்து, வீட்டின் வெயில் படாத வடக்கு மூலையில் தொட்டியை வைத்தாள். சுனைநீரைத் தெளித்தாள். மண்புழுக்களைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

கல்யாண வீட்டுக்கு இருபது சால்வைகள்தான் போயின. அவர்கள் பேசிய பேச்சை அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். ஆனால் பட்டைக்கடியில் உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் இருந்ததுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பலமுறை பட்டைவரை கை போயிற்று. ஒவ்வொரு முறையும் இழுத்துக்கொண்டாள்.

பருவமழையின் முதல் நாளில் பட்டை அசைந்தது. நியூட் தானாகவே வெளியே வந்தது. கொழுத்திருந்தது, தோல் மினுமினுத்தது. இரண்டு விலாவிலும் வரிசையாகச் செம்மஞ்சள் முண்டுகள்.

“என்னை மன்னிச்சிடு,” என்றாள் நிம்கித்.

அவள் கதவைத் திறந்து விலகி நின்றாள். மழையில் அது மெல்ல நடந்து ஓடையோரக் குட்டையை நோக்கிப் போயிற்று. முதலையினுடையதைப் போல மேடுதட்டிய அந்த முதுகு புல்லுக்குள் மறையும்வரை அவள் வாசலில் நின்றாள்.

அன்று முதல்தான் முதலை நியூட் ஆள் அரவம் கேட்டாலே ஈர இலைக்கடியில் பதுங்குகிறது. வீட்டில் கண்ணாடிப் பெட்டி வைத்து அதை வளர்ப்பவர்களும் அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் அதற்கொரு சின்னக் காட்டை அமைத்துக் கொடுத்துவிட்டு, கை வைக்காமல் தள்ளி நிற்கிறார்கள்.