துதிக்கையில் ஒரு பிடி

மூங்கில் காட்டில் ஆசீர்வாதம் என்றொரு யானை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விலங்குகளெல்லாம் அத்திமரத்தடியில் கூடிக் கர்த்தரைப் பாடும்போது, அதன் குரல்தான் பெரிய குரல். துதிக்கையைத் தூக்கி அது பிளிறினால் மரத்திலிருந்து பழம் உதிரும். பாடி முடித்ததும் அந்தப் பழங்களையும் அதுவே பொறுக்கித் தின்றுவிடும்.

அந்தக் காட்டுக்குப் பிடியரிசி வழக்கத்தைக் கொண்டுவந்தது கோயில்பிள்ளை என்ற காகம். அது அடிவாரத்து ஊர்க் கோயிலின் ஜன்னலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும். பாதியில் தூங்கியும் விடும். ஆனால் சாப்பாட்டு விஷயம் எதையும் தவறவிடாது.

"அந்த ஊர்ல உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில போட்டுருதாங்க. அது கர்த்தரோட பங்கு. இல்லாதவங்களுக்குப் போகும். நாமளும் ஆளுக்கு ஒரு பிடி போட்டா என்ன?" என்றது காகம்.

அந்த வருஷம் மூங்கில் பூத்து, காடெல்லாம் மூங்கிலரிசி கொட்டிக் கிடந்தது. எல்லா விலங்குகளும் தலையாட்டின. ஆற்றில் அடித்து வந்த ஒரு மண்பானையை அத்திமரத்தடியில் வைத்தார்கள். அதை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. தாயம்மாள் என்ற முள்ளம்பன்றி கால் முறிந்து வளையில் கிடந்தது. அதற்கு இரண்டு குட்டிகள்.

முதல் முறை யானைக்கு. யானையின் ஒரு பிடியிலேயே பானை நிறைந்துவிடும் என்று எல்லாரும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"உங்களுக்கெல்லாம் இருக்கிறது கை. எனக்கு இருக்கிறது துதிக்கை. பேரைக் கவனிங்க. துதிக்கிறதுக்குன்னே கர்த்தர் கொடுத்தது. இதைப் போய் அரிசி அள்ளுற வேலைக்கு இறக்கலாமா? அவருக்கு மனசு கஷ்டமாயிராதா?"

அத்திப்பழம் பொறுக்கும்போது அந்தக் கைக்கு என்ன பேர் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அப்ப உங்க பிடியை யாரு போடுவா, அண்ணாச்சி?" என்றது காகம்.

"சொர்ணம் போடட்டும். எனக்காக அவ கையால ஒரு பிடி."

சொர்ணம் ஒரு சுண்டெலி. அதன் பிடியில் மூன்று அரிசி நிற்கும். நாலாவது உருண்டு விழும்.

மறுநாள் காட்டுப்பன்றி, "எனக்குக் கை ஏது? குளம்புதானே" என்றது. கரடி, "எனக்கு நகம் நீளம், அள்ளினா சிந்தும்" என்றது. ஒரே வாரத்தில் காட்டுக்கே சொர்ணம்தான் கை. எல்லாருக்காகவும் மும்மூன்று அரிசி போட்டுவிட்டு, தன் பங்கை மட்டும் இரண்டு கன்னமும் உப்ப அடக்கிக்கொண்டு வந்து அது கொட்டும். அப்படியும் பானையின் அடி தெரிந்தது. தாயம்மாளின் குட்டிகள் பசியில் சுருண்டு படுத்தன.

யானை தன் மூங்கிலரிசியை மலைமேல் ஒரு குகையில் குவித்தது. யாரும் எடுத்துவிடக் கூடாதென்று, தன்னைத் தவிர எவராலும் அசைக்க முடியாத பாறையை வாசலில் உருட்டி வைத்தது.

அடுத்த வாரமே குளக்கரையில் கூரான மூங்கில் கட்டை அதன் பாதத்தில் ஏறிவிட்டது. ஓரடி நகர முடியவில்லை. குகை நிறைய அரிசி இருந்தும் பாறையை உருட்ட ஆளில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள், "பானையில எனக்கும் ஏதாவது..." என்று இழுத்தது.

காகம் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தது.

"தாராளமா. ஆனா துதிக்கையால நீங்க அள்ளக் கூடாது பாருங்க, அவருக்கு மனசு கஷ்டமாயிரும். சொர்ணம் கையால ஒரு பிடி."

கரடி விழுந்து விழுந்து சிரித்தது. யானையின் வாய்க்குள் மூன்று அரிசி போனது. போனதே அதற்குத் தெரியவில்லை.

சொர்ணம் சிரிக்கவில்லை. திரும்பி ஓடி இன்னொரு பிடி கொண்டுவந்தது. பிறகு இன்னொன்று. பானை காலியானதும் தன் வளையிலிருந்தே எடுத்து வந்தது. பொழுது சாயும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு பிடின்னுதானே சொன்னாங்க. நீ ஏன் இப்படி ஓடுறே?" என்றது யானை.

"கை சின்னது, அண்ணாச்சி. ஓடித்தானே ஆகணும்" என்று மூச்சு வாங்கியது சொர்ணம். "இந்தக் கடைசி நாலு பிடி என்னோடது இல்ல. தாயம்மா கொடுத்துவிட்டா. புள்ளைகளுக்கு வச்சிருந்ததுல பாதி. பசின்னா என்னன்னு அவளுக்குத் தெரியுமாம்."

யானை அழுதது. யானையின் அழுகை சின்ன அழுகையா? கீழே நின்ற சொர்ணம் தொப்பலாக நனைந்துபோனது.

கால் ஆறியதும் ஆறாததுமாக யானை நொண்டிக்கொண்டே மலையேறியது. பாறையை உருட்டித் தள்ளியது. துதிக்கை கொள்ளுமட்டும் அள்ளி வந்து பானையில் போட்டது. ஒரே பிடிதான். பானை நிறைந்து, வழிந்து, இரண்டாகப் பிளந்தே போனது. தாயம்மாளின் குட்டிகள் அரிசிக்குள் புதைந்து முள் மட்டும் வெளியே தெரிந்தது. கரடியும் பன்றியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, தங்கள் பங்கை எடுத்துவரப் போயின.

"பானை போச்சே, அண்ணாச்சி" என்றது காகம்.

"பெருசா ஒண்ணு பாரு" என்று சொல்லிவிட்டு யானை துதிக்கையைத் தூக்கிப் பாடியது. அன்றைக்கு உதிர்ந்த பழங்களையெல்லாம் பொறுக்கி, தாயம்மாளின் வளை வாசலில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனது.

பிறருக்குக் கொடுக்க நீளாத கையை எவ்வளவு உயரத் தூக்கினாலும் அது கர்த்தரைத் துதிக்கிற கை ஆகாது.